ஒடியல் கூழும் அமெரிக்கச் சண்டையும்

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. போக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் அந்த நாட்டின் வடக்கும் தெற்கும் அடிமைகளை வைத்திருப்பதா விடுவதா என்று அடிபட்ட கதை எனக்குத் தெரியும். சண்டை முடிந்த பிறகு நடந்த கதையும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சிட்னியில், வெஸ்ட்மீட் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். இங்கே ஆசிரியர்கள் போதாது என்று வெளிநாடுகளிலிருந்து ஆள் எடுத்த காலத்தில் விண்ணப்பம் போட்டார், கிடைத்தது, வந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு அமெரிக்கச் சரித்திரம் படிப்பிக்கச் சொன்னார்கள். இவருக்குத் தெரிந்ததெல்லாம் இலங்கைச் சரித்திரமும் இங்கிலாந்து ராசாக்களும்தான். அதனால் நூலகத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்து வந்து, நாளைக்குப் பிள்ளைகள் படிக்கப் போவதை இன்றைக்கு இவர் படிப்பார். படித்துவிட்டுக் குசினிக்குள் வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்து எனக்குச் சொல்வார். தமிழில் வடிவாகச் சொல்ல வந்தால் இங்கிலிஷில் தடக்காது என்பது இவருடைய எண்ணம்.

மேசையில் கிடக்கிற வெங்காயமெல்லாம் வடக்கு. உருளைக்கிழங்கெல்லாம் தெற்கு. நடுவில் ஒரு கரண்டியை வைப்பார், அது ஆறு.

"தெற்கிலை பெரிய பருத்தித் தோட்டக்காரர் அடிமையளை வைச்சு வேலை வாங்கினவை. வடக்கு, உது புதுசாச் சேருற இடங்களுக்குப் பரவப்படாது எண்டுது. தெற்கு, அப்ப நாங்கள் பிரிஞ்சு போறம் எண்டுது. சண்டை துவங்கிட்டுது."

"தெற்காக்கள் என்னத்துக்கு அடிபட்டவை எண்டு சொன்னவை?"

"தங்கடை உரிமைக்கு எண்டு பிறகு எழுதி வைச்சவை."

"என்ன உரிமை?"

"ஆளை விக்கிற, வாங்கிற உரிமை. சுத்திச் சுத்திப் பாத்தால் அதிலைதான் வந்து நிக்கும்."

அதற்குள் அடுப்பு சூடாகிவிடும். நான் தெற்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்குவேன். "இன்னும் சண்டை முடியேல்லையப்பா!" என்று கத்துவார். "நீங்கள் சண்டையை முடிக்கிறதுக்குள்ளை கறி அவியவேணும்" என்பேன். இவரிடம் மட்டும்தான் எனக்கு இந்த வாய். வேறு யாராவது கதவைத் தட்டினால் நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றுவிடுகிற ஆள்.

சண்டை முடிந்த நாள் பாடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெற்கு தோற்றுவிட்டது. வடக்கை நடத்திய அந்த உயரமான ஜனாதிபதியை நாடகக் கொட்டகையில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். அடிமைகள் எல்லோரும் விடுதலை. இவர் புத்தகத்தை மூடினார். நான் கேட்டேன், "விட்டாச்சு. அடுத்த நாள் காலமை அந்தச் சனம் எங்கை போனது?"

"கனபேர் எங்கையும் போகேல்லை. போக ஒரு துண்டுக் காணி இல்லையே. அதே தோட்டம், அதே துரை. விளைச்சலிலை பங்கு தாறன் எண்டு சொல்லி வேலை வாங்கினான். பங்கு பிரிக்கேக்கை இவையளுக்குக் கடன்தான் மிஞ்சினது."

இதற்குப் பிறகுதான் கதை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது. தொடர்ந்து சில வாரம் அந்தக் கதையே ஓடியது. சட்டத்தை மூன்று தரம் மாற்றினார்களாம். அடிமை வைக்கக் கூடாது என்று ஒன்று, அவர்களும் இந்த நாட்டுக் குடிமக்கள் என்று ஒன்று, ஆண்களுக்கு வோட்டு என்று ஒன்று. வடக்கு ராணுவம் தெற்கில் காவலுக்கு நின்றது. நேற்று வரைக்கும் அடிமையாக இருந்தவர்கள் சட்டசபையில் போய்க் கதிரையில் இருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்தபோது பேரப்பிள்ளை கண்ட கிழவிகள்கூடச் சிறுபிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருந்து எழுத்துப் படித்தார்களாம். அதைக் கேட்டபோது என் கை வேலையை விட்டுவிட்டது. "வாங்கிலையோ?" என்று கேட்டேன். "ஓம், வாங்கிலைதான்" என்றார்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இவருக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். என் அப்பா பனை ஏறுகிறவர். எங்கள் சாதிப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிலத்தில்தான் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வாங்கு. தேத்தண்ணீர்க் கடையில் எங்களுக்குப் புறம்பாக ஒரு போத்தல். பெரிய ஆட்களின் கிணற்றில் நாங்கள் அள்ள முடியாது, யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு நிற்க வேண்டும். இவரும் எங்கள் பகுதிதான். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தூரம் பார்க்காமல் நடந்து போய்ப் படித்து மேலே வந்தவர்.

பிறகு ஒருநாள் இவர் கடைசிப் பாடத்தைச் சொன்னார். ஒரு தேர்தலில் யார் வென்றது என்று இழுபறி வந்ததாம். வடக்குக்காரரும் தெற்குக்காரரும் தங்களுக்குள் பேசி, ஜனாதிபதிப் பதவி உனக்கு, ராணுவத்தை எடுத்துவிடு என்று முடித்துக்கொண்டார்கள். ராணுவம் போனது. விடுதலையான சனத்தை இரவில் வந்து அடித்துக் கொல்கிற முகமூடி போட்ட ஆட்கள் முதலே இருந்தார்கள், இப்போது அவர்களைத் தடுக்க ஆளில்லை. வோட்டுப் போட வரி கட்டு, வாசித்துக் காட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு வோட்டைப் பறித்தார்கள். ரயிலில் கறுப்பு ஆட்களுக்கு வேறு பெட்டி. பள்ளிக்கூடம் வேறு. தண்ணீர் குடிக்கிற பைப்கூட வேறு.

"தண்ணிக்குமோ?"

"தண்ணிக்கும்தான்."

 பிறகு நான் எங்கள் குசினிப் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து இவருக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

அந்தக் காலத்தில் சிட்னியில் தமிழ் ஆட்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் இருந்த சில குடும்பங்கள் சனிக்கிழமைகளில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். தேவாரம் பாடி, சாப்பிட்டு, யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசுவார். ஒருதரம் எங்கள் கூட்டத்தில் இருந்த டொக்டர் பிரஷரைப் பற்றிப் பேசினார், அன்றைக்கு வடைக்கு ஆளில்லை. எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் உயிர். இங்கிலிஷ் வராது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் "ஹலோ" என்றால் நான் சிரிப்பேன், அவ்வளவுதான். வாரம் முழுக்க வாய்க்குள் கிடக்கிற தமிழ் சனிக்கிழமைதான் வெளியே வரும்.

ஆனால் அதில் ஒரு முள்ளும் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர். அடுத்த கேள்வி, எவடம். ஊரைச் சொன்னால் போதாது. கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நீ யார் என்று அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். வாய் திறந்து சாதி கேட்கத் தேவையே இல்லை.

டொக்டரின் மனைவி எங்களைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெரிய குரல், பெரிய மனசு. இலை முழுக்க அவர் பரிமாறினால்தான் சாப்பாடு. அவர் இரண்டு மூன்று தரம் என்னைக் கேட்டுவிட்டார்.

"பிள்ளை, நீர் எவடம் எண்டு சொன்னனீர்?"

"ஸ்டேஷனுக்குக் கிட்ட, அக்கா."

எங்கள் ஊர் சின்ன ஊர். ஸ்டேஷனுக்குக் கிட்ட இல்லாதது ஒன்றுமில்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் வீட்டு முறை வந்தது. அதோடு, மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறதையே பேசட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவருக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

"இஞ்சாருங்கோ, சண்டை மட்டும் சொல்லுங்கோ. விடுதலையோடை நிப்பாட்டுங்கோ."

"அது அரைவாசிச் சரித்திரமெல்லோ?"

"அரைவாசி காணும். அந்தத் தண்ணிப் பைப் கதை வந்தால் உங்கடை குரல் மாறிப்போகும். எனக்குத் தெரியும். அவைக்கும் தெரிஞ்சுபோகும். பிறகு எங்கடை வீட்டிலை ஆர் கை நனைக்கப் போகினம்? எனக்கு வேறை ஆர் இருக்கினம் இஞ்சை?"

இவர் என்னைப் பார்த்தார். "சரியப்பா. உமக்காக விடுதலையோடை நிப்பாட்டுறன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என்ன சமைக்கிறது என்று நான் முதலே நினைத்து வைத்திருந்தேன். என் தம்பி பார்சலில் ஒடியல் மா அனுப்பியிருந்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது, கூழ் காய்ச்சுவதற்கு. ஒரு சனிக்கிழமை டொக்டரின் மனைவி பெருமூச்சு விட்டுச் சொன்னது மனதில் இருந்தது: "எல்லாம் கிடைக்குது இந்த நாட்டிலை. ஒரு வாய் கூழ் கிடைக்கேல்லை." மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பை இறுத்தேன். இவர் சந்தைக்குப் போய் நண்டும் இறாலும் மீன் தலையும் வாங்கி வந்தார். பயற்றங்காய் இல்லை, போஞ்சி போட்டேன். பலாக்கொட்டை இல்லை, அதற்கு என்ன செய்ய முடியும். செத்தல் மிளகாயும் புளியும் ஊரிலிருந்து வந்ததுதான். பெரிய அலுமினியச் சட்டி நிறையக் காய்ச்சினேன். கூழ் அப்படித்தான், ஆளுக்கு ஒரு கோப்பை என்று புறம்பாகக் காய்ச்ச முடியாது. ஒரே சட்டி, சுற்றி எல்லோரும்.

மத்தியானம் சனம் வந்தது. வாசலிலேயே மணம் பிடித்துவிட்டது. "பிள்ளை! உது கூழெல்லோ?" என்று டொக்டரின் மனைவி குசினி வரைக்கும் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவும் எங்கள் கூட்டத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "என்னங்க இது, ரசமா, மீன் குழம்பா?"

"இரண்டும் இல்லை. குடிச்சால் தெரியும்."

"காரமா இருக்குமோ?"

"அழுவியள்."

"அப்ப சரி, குடிக்கிறேன்" என்று சிரித்தார்.

தேவாரம் முடிந்தது. இவர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற அதே டையைக் கட்டியிருந்தார். நான் குசினிக் கதவோடு நின்றேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் இல்லாமலே வடக்கும் தெற்கும் வந்தது, பருத்தி வந்தது, சண்டை வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடிமைகள் விடுதலையானார்கள் என்ற இடத்தில் இவர் நின்றார். தண்ணீர் ஒரு வாய் குடித்தார். "இவ்வளவுதான்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். டொக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "அருமை மாஸ்ரர். அதோடை அந்தப் பிரச்சினை ஒருமாதிரித் தீர்ந்துது, என்ன?"

இவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் எப்படித் துள்ளியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தந்த வாக்குக்காக வாயைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டிலேயே, தன் டையோடு, பதில் தெரியாத பிள்ளை மாதிரி நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"தீரேல்லை" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எல்லோரும் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். "மிச்சத்தையும் சொல்லுங்கோ" என்றேன் இவரிடம்.

சொன்னார். காணி கிடைக்காததைச் சொன்னார், மூன்று சட்டத்தையும் சொன்னார், கிழவிகள் வாங்கில் இருந்து படித்ததைச் சொன்னபோது ஒருதரம் என்னைப் பார்த்தார். ராணுவம் திரும்பிப் போனது, வோட்டுப் பறிபோனது. தண்ணீர்ப் பைப்பிடம் வந்ததும் நான் நினைத்தபடியே குரல் மாறியது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எப்ப முடிஞ்சது, மாஸ்ரர்?"

"சட்டத்திலை, நாங்கள் கலியாணம் முடிச்ச காலத்திலை. சண்டை முடிஞ்சு ஏறக்குறைய நூறு வருசத்துக்குப் பிறகு. மற்றபடி..." என்று கையை விரித்தார்.

 டொக்டரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. இந்த முறை அவர் கேட்கும் வரைக்கும் நான் நிற்கவில்லை.

"அக்கா, நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிட்ட எண்டு சொன்னனான். ஸ்டேஷனுக்குப் பின்னாலை. பனங்கூடலுக்குள்ளை. அப்பா பனை ஏறினவர்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைக் கூட்டினேன். கூழ் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, கூட்டத் தேவையில்லை. கை எதையாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். வெளியில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் எழும்பிவிட்டது. "இவவுக்குக் காலமை தொடக்கம் வயிறு சரியில்லை. நாங்கள் போட்டு வாறம்" என்று அந்த ஆள் இவரிடம் சொல்வது கேட்டது. காலையில் அந்த அம்மாவுக்கு வயிறு நன்றாகத்தான் இருந்திருக்கும். வந்த உடனே கடலை வடை தின்றதை நான் பார்த்தேன்.

அவர்களின் கார் போனது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் உள்ளே வந்தது நர்ஸ் அம்மா. ஒன்றும் கேட்காமல் கோப்பையை நீட்டினார். ஊற்றினேன். நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர். "ஐயோ, உயிர் போகுது! இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஊர்லயும் டீக்கடையில தனி கிளாஸ் உண்டுங்க. எங்களுக்கு எந்த கிளாஸ்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.  ஒரு பெரிய நண்டுக் காலைத் தேடி அவர் கோப்பையில் போட்டேன்.

அப்போதுதான் குசினி வாசலில் டொக்டரின் மனைவி நிற்கிறதைக் கண்டேன். முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, அகப்பையை என் கையிலிருந்து வாங்கி, தானே கிண்டி அடியிலிருந்து அள்ளி, ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"புளி கொஞ்சம் காணாது" என்றார்.

"ஓம் அக்கா. விடட்டோ?"

"விடும். பிள்ளை, அந்த நண்டுக் கால் எல்லாத்தையும் இவளுக்கே போடாதையும். எனக்கும் வையும்." பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிப் பெரிய குரலில் கூப்பிட்டார். "என்ன, ஆம்பிளையள் எல்லாரும் அமெரிக்காவிலையே நிக்கப் போறியளோ? கூழ் ஆறுது!"

எல்லோரும் குசினிக்குள் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டொக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடித்தார், தலையிலிருந்து வியர்வை சொட்டியது. "பிரஷருக்குக் கூடாது" என்று ஒவ்வொரு கோப்பைக்கும் சொன்னார். இவர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நண்டு உடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன், அவ்வளவு பேருக்கு நடுவில் எப்படிச் சிரிப்பது.

எழும்பிப் போன குடும்பம் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. மற்ற வீடுகளில் கண்டால் தலை ஆட்டுவார்கள், நாங்களும் ஆட்டுவோம். அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. சட்டி அன்றைக்கு வழித்துத் துடைத்த மாதிரிக் காலியாகியது.

போகும்போது டொக்டரின் மனைவி வாசலில் நின்று சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த சனி எங்கடை வீடு. உம்மடை சட்டியையும் மிச்ச மாவையும் கொண்டு நேரத்தோடை வாரும். எனக்கு இந்தப் பதத்திலை காய்ச்ச வராது."

அவர்கள் வீடு பரமட்டாவில். அடுத்த சனிக்கிழமை அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் சட்டியைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் வழக்கம்போலச் சிரித்தேன். கதவைத் திறந்த டொக்டரின் மனைவி, "குசினி உந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனில் யாரோடோ கதைக்கப் போய்விட்டார்.

ஊரில் இப்படிப் பெரிய ஆட்களின் வீட்டுக் குசினியை நான் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் முற்றத்தோடு சரி. இது மஞ்சள் பெயின்ட் அடித்த சின்னக் குசினி, ஜன்னலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. சட்டியை அடுப்பில் வைத்தேன். பைப்பைத் திறந்து மா ஊறப்போட்டேன். உப்பு எங்கே என்று கேட்கத்தான் வாய் எடுத்தேன். பிறகு நானே அலுமாரியைத் திறந்து தேடி எடுத்துக்கொண்டேன்.